ஜெர்சி மாட்டின் பிறந்த வீட்டில்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டுப் பயண அனுபவம்" என்று பேசச் சொன்னார் செயலாளர். நான் போனது ஒரே ஒரு வெளிநாடு. அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. அங்கே அரண்மனை பார்க்கவில்லை, அருங்காட்சியகம் பார்க்கவில்லை. மாடு பார்த்தேன். "மாடு பார்க்கவா அவ்வளவு தூரம் போனீங்க?" என்று என் வீட்டம்மா இன்றைக்கும் கேட்கிறார். ஆமாம், அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஏனென்றால் அது சாதாரண மாடு இல்லை. உங்களில் பாதிப் பேர் வீட்டுக் காபியில் அதன் பங்கு இருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வரி. இந்தக் கல்லூரியில் 1974 முதல் 1977 வரை தாவரவியல் படித்தேன். பிறகு ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் வேலை. ஐ.ஆர்.டி.பி. என்றொரு திட்டம் இருந்தது, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம். கடனில் பாதிக்கு மேல் கறவை மாட்டுக்குத்தான் போகும். படிவத்தில் "மாட்டின் இனம்" என்றொரு கட்டம். அதில் "ஜெர்சி கலப்பு, ஜெர்சி கலப்பு" என்று எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ தெரியாது. கை தானாக எழுதும்.

சரி, ஜெர்சி என்றால் என்ன? மாணவர்களைக் கேட்டால் "பந்து விளையாடும்போது போடும் சட்டை" என்பார்கள். (சிரிப்பு) தவறில்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி என்று ஒரு மாநிலம் இருக்கிறது, நம் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். சட்டை, மாநிலம், மாடு மூன்றுக்கும் பெயர் கொடுத்தது ஒரு குட்டித் தீவு. அந்தத் தீவுக்குத்தான் 2023 ஜூன் மாதம் கல்யாணத்துக்குப் போனேன்.

யார் வீட்டுக் கல்யாணம்

விடுதியில் என் அறைத்தோழன். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று உத்தரவு. இதோ முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவன் மகள் கணக்குத் தணிக்கை படித்து லண்டனில் வேலை பார்த்தாள். அங்கிருந்து ஜெர்சித் தீவில் ஒரு நிதி நிறுவனத்துக்குப் போனாள். இன்றைக்கு அந்தத் தீவுக்குச் சோறு போடுவது மாடு இல்லை, நிதித் தொழில்தான். ஆனால் நம் பெண் காதலித்தது நிதி நிறுவனத்துக்காரனை இல்லை, மாட்டுப் பண்ணைக்காரர் மகனை.

ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன். "டேய், என் பொண்ணு மாட்டுக்காரன் வீட்டுல வாழ்க்கைப்படப்போறாடா!" என்றான். குரலில் கவலையா, பெருமையா என்று தெரியவில்லை. நான் கேட்டேன்: "என்ன மாடு?" "ஜெர்சிடா." "அப்போ நான் வரேன்" என்றேன். மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார், சொத்து எவ்வளவு என்றெல்லாம் நான் கேட்கவே இல்லை என்று அவனுக்கு இன்னமும் என் மேல் வருத்தம்.

தீவு எப்படி இருக்கிறது

லண்டனிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். இங்கிலாந்தைவிட பிரான்சுதான் பக்கம். பிரெஞ்சுக் கரை சுமார் 22 கிலோமீட்டர். ஆனால் பிரான்சுக்கும் சொந்தமில்லை, ஐக்கிய இராச்சியத்திலும் சேர்த்தியில்லை. பிரிட்டிஷ் அரசருக்குக் கட்டுப்பட்ட, தனக்கென்று சட்டமன்றம் வைத்திருக்கிற தீவு. நீளம் 9 மைல், அகலம் 5 மைல். நம் கோவை மாநகராட்சிப் பரப்பில் பாதிகூடத் தேறாது. 2021 கணக்கெடுப்பில் ஜனத்தொகை ஒரு லட்சத்து மூவாயிரத்துச் சொச்சம்.

கடல் அங்கே ஒரு விளையாட்டு விளையாடுகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பன்னிரண்டு மீட்டர் வரை வித்தியாசம். காலையில் தண்ணீருக்கு நடுவே இருக்கும் கோட்டைக்கு மத்தியானம் நடந்து போகலாம். கரையில் ஒதுங்கும் கடற்பாசியை அள்ளிக்கொண்டு போய் உருளைக்கிழங்கு வயலுக்கு உரமாகப் போடுவது பழைய வழக்கம்.

இன்னொன்று என் வங்கிப் புத்திக்குப் பட்டது. வீட்டு வாசலில், வேலியோரத்தில், ஒரு சின்ன மரப் பெட்டிக்கடை. அதில் உருளைக்கிழங்கு, முட்டை, பூங்கொத்து. ஆள் கிடையாது. விலை எழுதி ஒரு உண்டியல் வைத்திருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு காசு போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். ஜாமீன் இல்லை, அடமானம் இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை! முட்டை போட்ட கோழிகள் வேலிக்குப் பின்னால் நின்று நம்மைப் பார்க்கின்றன. கண்காணிப்பு அவ்வளவுதான்.

மாட்டைப் பார்த்தேன்

கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலை, பண்ணைக்காரர், அதாவது நம் சம்பந்தி, என்னைக் கறவைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். நான் வேட்டியில். அவர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸில்.

நம் ஊரில் பார்த்தது எல்லாம் கலப்பினம். இதுதான் முதல் முறையாகக் கலப்பில்லாத ஜெர்சியை அதன் மண்ணில் பார்க்கிறேன். முதல் ஆச்சரியம், அது எவ்வளவு சின்னது என்பது. நானூறு, நானூற்றைம்பது கிலோதான் இருக்கும். கறுப்பு வெள்ளை ஃபிரீசியன் மாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் தங்கச்சி மாதிரி தெரியும். மான் நிறம். நெற்றி கொஞ்சம் குழிந்த முகம். கறுத்த மூக்கைச் சுற்றி மாவில் முக்கி எடுத்தது போல ஒரு வெள்ளை வளையம். கண் பெரிய கண். ஒன்று என் பக்கத்தில் வந்து வேட்டி நுனியை வாயில் கவ்வி மெல்ல ஆரம்பித்துவிட்டது. நான் இழுக்க, அது இழுக்க, சம்பந்தி சிரிக்க, என் மானம் போகாமல் காப்பாற்றியது இடுப்பு பெல்ட்தான். (சிரிப்பு)

பசு இப்படிச் சாது. ஆனால் காளை பக்கம் போகாதீர்கள் என்றார். கறவை இனக் காளைகளிலேயே ஜெர்சிக் காளை ரொம்பப் பொல்லாதது என்று பெயர் வாங்கியது. குடும்பத்தில் ஒருவர் நல்லவராக இருந்தால் இன்னொருவர் இப்படித்தான் போலும்.

உருவத்துக்கும் தீனிக்கும் பார்த்தால் பால் நிறைய. அதைவிட முக்கியம் பாலின் தரம். கொழுப்பு ஐந்து சதவீதத்துக்கு மேல். காலையில் எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்கள். பால் என்று சொல்ல முடியாது, பாதி பாயசம். நம் ஆட்கள் ஜெர்சியைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுதான் காரணம். சின்ன உடம்பு, ஃபிரீசியனைவிட வெயில் தாங்கும், கொழுப்பு நிறைய. அதனால்தான் தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, நீலகிரி போன்ற மலைப் பகுதிக்கு ஃபிரீசியன் கலப்பு என்று கொள்கை வகுத்தார்கள்.

ஒரு பேரேட்டின் கதை

கறவை முடிந்ததும் வீட்டுக்குள் கூட்டிப்போய் ஒரு அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாகப் பழைய கனத்த புத்தகங்கள். நான் வேத புத்தகம் என்று நினைத்தேன். மந்தைப் பேரேடு! எந்த மாடு, அதன் தாய் யார், தகப்பன் யார், பாட்டி யார், யார் பண்ணையில் பிறந்தது, எல்லாம் அச்சில். என் வேட்டியை மென்ற பசுவின் வம்சத்தைப் பத்து தலைமுறைக்குமேல் படித்துக் காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், என் கொள்ளுத் தாத்தாவுக்கு மேலே எனக்கு ஒரு பெயரும் தெரியாது.

இந்தப் பேரேட்டின் பின்னணி சுவையானது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்சி மாட்டுக்கு இங்கிலாந்தில் வரியில்லாத நல்ல சந்தை. பக்கத்துப் பிரான்சிலிருந்து மலிவான மாட்டைக் கொண்டுவந்து தீவில் இறக்கி, "இதுவும் ஜெர்சிதான்" என்று இங்கிலாந்துக்கு ஏற்றிவிட்டார்கள் சில சாமர்த்தியசாலிகள். கலப்படம் எந்த ஊரிலும் உண்டு. இதைத் தடுக்க 1763இல் ஒரு சட்டம். அது போதாமல் 1789இல் கடுமையான சட்டம். வெளிமாட்டைக் கொண்டுவந்தால் அபராதம், படகு பறிமுதல், மாட்டை வெட்டி இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கவனியுங்கள். இனத்தின் மேல் பாசம் வைத்துப் போட்ட சட்டம் இல்லை இது. வியாபாரத்தைக் காப்பாற்றப் போட்டது. ஆனால் அதன் பலன், அந்தத் தீவில் ஜெர்சியைத் தவிர வேறு மாடே கிடையாது என்றானது. 1833இல் விவசாயிகள் ஒரு சங்கம் வைத்தார்கள். அடுத்த வருஷமே நல்ல மாடு எப்படி இருக்க வேண்டும், மடிக்கு எத்தனை மதிப்பெண், கொம்புக்கு எத்தனை என்று பட்டியல் போட்டார்கள். 1866இல் பேரேடு தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் 1940 முதல் 1945 வரை ஜெர்மானியர் தீவைப் பிடித்து வைத்திருந்தார்கள். 1944 கடைசியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் வேகா என்ற கப்பல் உணவுப் பொட்டலங்களோடு வரும்வரை ஜனங்கள் கிட்டத்தட்டப் பட்டினி. அந்தப் பசியிலும் மந்தை அழியவில்லை.

பிறகு 2008இல் ஒரு பெரிய வாக்குவாதம். தீவுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்த்து, பாலில் வெளிநாட்டு ஜெர்சிகள் முந்திவிட்டன, நாமும் வெளியிலிருந்து விந்து வரவழைக்கலாம் என்று ஒரு கட்சி. இருநூறு வருஷத்துத் தூய்மை போய்விடும் என்று இன்னொரு கட்சி. கடைசியில் சட்டமன்றம் அனுமதித்தது. எந்த மாட்டுக்குள் வெளி இரத்தம் வந்தது, எதில் வரவில்லை என்று இன்றைக்கும் அவர்களால் சொல்ல முடிகிறது. எப்படி? பேரேடு இருக்கிறது.

நாதஸ்வரமும் நாற்பது மாடும்

கல்யாணத்தைச் சொல்லாமல் விட்டால் நண்பன் அடிப்பான். பண்ணை வீட்டுக்குப் பின்னால் புல்வெளியில் பந்தல். அவர்கள் முறைப்படி பதிவாளர் முன்னால் ஒரு கல்யாணம், நம் முறைப்படி தாலி கட்டி ஒரு கல்யாணம். நாதஸ்வரத்துக்கு ஆள் கிடைக்காததால் செல்போனை ஒலிபெருக்கியில் இணைத்தோம். கெட்டிமேளம் முழங்கியதுதான் தாமதம், பக்கத்து மேய்ச்சலில் இருந்த மாடு அத்தனையும் மெல்ல மெல்ல வந்து வேலியோரம் வரிசையாக நின்றுவிட்டன. நாற்பது இருக்கும். பெண் வீட்டுக் கூட்டமோ பதினோரு பேர்தான். "அண்ணா, மாப்பிள்ளை வீட்டுச் சனம் ரொம்ப அதிகம்ங்க" என்றார் நண்பனின் மனைவி.

அவருக்கு இன்னொரு ஆசை. மகள் புகுந்த வீட்டுக்குள் கால் வைக்கும் முன் பசுவுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட வேண்டும். சம்பந்தியிடம் கேட்டோம். மனுஷர் யோசித்துவிட்டு, "அந்தப் பொடியில் என்ன இருக்கிறது? மாட்டுக்கு ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்டார். குங்குமத்தில் என்ன கலந்திருக்கிறது என்று எங்கள் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மஞ்சள் மட்டும் வைத்தோம். மாட்டைக் கும்பிடாத மனுஷர்தான். ஆனால் கும்பிடுகிற நமக்குத் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றியது.

அவர் கேட்ட கேள்வி

ராத்திரி விருந்து முடிந்து வெளியே உட்கார்ந்திருந்தோம். ஜூன் மாதம் அங்கே ஒன்பது மணிக்கும் வெளிச்சம். நான் என் பெருமையைச் சொன்னேன். எங்கள் மாநிலத்தில் உங்கள் மாட்டின் வாரிசுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன என்றேன். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடுகள் சுமார் 95 லட்சம். அதில் முக்கால் பங்குக்கு மேல் கலப்பினம். அதிலும் ஜெர்சிக் கலப்புதான் பெரும்பான்மை. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றி அந்தக் காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்களை எனக்கு நேரிலேயே தெரியும் என்றேன். இந்தக் கூட்டத்திலேயே அப்படிப் படித்தவர்கள் இருக்கிறீர்கள். அவர் கண் கலங்கிவிட்டது.

பிறகு கேட்டார்: "கிடாரி பால் தரும். காளைக் கன்றை என்ன செய்கிறீர்கள்?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. நாட்டு மாட்டுக்குக் காளைக் கன்று பிறந்தால் ஒரு காலத்தில் கொண்டாட்டம். ஏருக்கு ஆகும், வண்டிக்கு ஆகும், கவலை இறைக்க ஆகும். காங்கேயம் காளைக்குச் சந்தையில் இருந்த மதிப்பு இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்சிக் கலப்புக் காளைக்குத் திமில் இல்லை, நுகத்தடி சரியாக நிற்காது, வெயிலில் நாக்கைத் தள்ளும். டிராக்டர் வந்த பிறகு நாட்டுக் காளைக்கே வேலை இல்லை. ஆக, கன்று பிறந்த சில நாளிலேயே தாய்ப்பால் நின்றுபோகும். பிறகு வியாபாரி வருவார். அவ்வளவுதான். இதை நான் சொன்னேன்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "எங்களுக்கும் இதே கதைதான்" என்றார். ஜெர்சிக் காளைக் கன்றில் சதைப்பற்று குறைவு. கறிக்கும் விலை போகாது. பல காலம் பிறந்தவுடனே கொன்றுவிடுவதுதான் வழக்கமாக இருந்தது என்றார். பண்ணைகளும் குறைந்துகொண்டே போகின்றன. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு மாடு கட்டியிருந்த தீவில் இன்று பால் பண்ணைகள் இருபதைத் தாண்டாது. நிலத்தின் விலை ஏறிவிட்டது, பிள்ளைகள் அலுவலகத்துக்குப் போய்விட்டார்கள். "என் மகன் இருக்கிறான். அவனுக்குப் பிறகு யார் என்று தெரியாது" என்றார். அந்த மகனைக் கட்டிக்கொண்ட கணக்குத் தணிக்கைக்காரி எங்கள் பெண். அவள் பக்கத்திலிருந்து, "மாமா, வரவு செலவு என்கிட்ட வந்தாச்சு, பார்த்துக்கலாம்" என்றாள். தமிழில் சொன்னாள். அவருக்கு எப்படியோ புரிந்தது.

நாம் என்ன செய்யலாம்

இதிலிருந்து ஜெர்சி மாடு வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு என்றால் எல்லோரும் உணர்ச்சிவசப்படுகிறோம். நல்லதுதான். ஆனால் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் மாட்டை வைத்து ஒரு ஏழைக் குடும்பம் கடன் கட்ட முடியாது. இது வங்கிக்காரன் கணக்கு. அதே சமயம், சித்திரை வெயிலில் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேலங்காயையும் தின்று, நாலு நாள் ஆள் கவனிக்காவிட்டாலும் நிமிர்ந்து நிற்கிற காங்கேயம் மாட்டின் குணம் எந்தத் தீவிலும் விலைக்குக் கிடைக்காது. ஒருமுறை போனால் போனதுதான். உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் எல்லாவற்றுக்கும் இதேதான்.

இரண்டும் வேண்டும். இரண்டும் வேண்டுமானால் எது எது என்று தெரிய வேண்டும். இன்று என் ஊரில் போய் "இந்த மாட்டுக்கு எத்தனை பங்கு ஜெர்சி?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வந்த ஊசியைப் போட்டோம், பிறந்த கன்றை வளர்த்தோம். கலப்பு பாதியைத் தாண்டி ஏற ஏற நம் வெயிலும் உண்ணிக் காய்ச்சலும் மாட்டைப் படுத்தும். மருத்துவச் செலவில் பால் காசு கரையும். தாய் யார், என்ன ஊசி என்று எழுதி வைத்திருந்தால் இது தடுக்கக்கூடியது. பெண் கன்றாகவே பெரும்பாலும் பிறக்கும்படி பாலினம் பிரித்த விந்தும் இப்போது வந்துவிட்டது. அந்தக் காளைக் கன்றின் கதைக்கு அது ஒரு பாதி விடை. அதை யாருக்குப் போட்டோம், என்ன பிறந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியைச் சுற்றிப் பத்துக் கிராமங்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு எப்படியும் போகிறீர்கள். ஒரு ஊருக்கு இரண்டு பேர், ஒரு நோட்டு. வீட்டு வீடாக மாடு என்ன இனம், தாய் என்ன இனம், கன்று எத்தனை, காளைக் கன்று என்னாயிற்று, பால் எவ்வளவு. எழுதுங்கள். பெரிய ஆராய்ச்சி வேண்டாம். தவறாமல் வருஷா வருஷம் எழுதினால் போதும். ஜெர்சித் தீவுக்காரர்களும் பெரிய விஞ்ஞானிகள் இல்லை, எழுதி வைத்த விவசாயிகள். நோட்டுப் புத்தகச் செலவு முழுவதும் என்னுடையது. முதல் வரிசையில் இருக்கும் பெண்ணைப் பெற்றவன், எழுதியதைக் கணினியில் ஏற்றும் செலவைத் தருவதாகச் சற்று முன்தான் ஒத்துக்கொண்டான். இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது, ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. (சிரிப்பு, கைதட்டல்)

விருப்பமுள்ள மாணவர்கள் மத்தியானம் தாவரவியல் துறை வாசலுக்கு வாருங்கள். நாலு மணிவரை இருப்பேன். இன்றைக்கே பத்து ஊரையும் பிரித்துக்கொள்வோம்.